வாய் தேய்ந்த இன்ஜின்

காலையில் கை வைத்தபோது இன்ஜின் சூடாக இருந்தது. வெயில் இன்னும் பின்பக்கச் சுவரைத் தாண்டவில்லை, முந்தின நாள் கழற்றிய ஸ்பார்க் பிளக் அவன் சட்டைப் பையிலேயே கிடந்தது, டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. இருந்தும் சிலிண்டரைச் சுற்றியிருந்த இரும்புத் தகடுகள் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி உள்ளங்கையைச் சுட்டன.

அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கரண்ட் சமாசாரம் அத்துப்படி. எண்ணெய், புகையெல்லாம் அரைகுறை. ஆனால் அக்காவின் நுரையீரல் பாதிதான் வேலை செய்தது, மீதிக்கு ஆக்சிஜன் மெஷின். கரண்டோ நினைத்த நேரத்தில் போனது. போன வாரம் நாற்பது நிமிடம் போனபோது அக்காவின் நகங்கள் நீலமாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பழைய இரும்புக் கடையில் இந்தக் குட்டி டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் கண்டதும் டைனமோ சுற்ற ஆகும் என்று தூக்கி வந்தது அதனால்தான்.

எதிலிருந்து கழற்றியது என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள். நாலு நாள் பச்சை பெயிண்டைச் சுரண்டினான். அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் சாம்பல், எண் எதுவும் இல்லை. கடைசியில் ஃபோனில் புகை அண்ணனைப் பிடித்தான். ஆயுசு முழுக்க ஸ்கூட்டர் புகையைக் குடித்த மெக்கானிக். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பிஸ்டன் மண்டை தட்டையா, மேடா?"

"ஒரு பக்கம் மேடா இருக்குண்ணே, திமில் மாதிரி."

"அப்ப அது நம்ம ரெண்டு பேருக்கும் மூத்ததுடா. பம்பு, லைட்டு, எதுல வேணா ஓடியிருக்கும். பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துடாத. ஓட ஆரம்பிச்சு நிக்கலன்னா பயப்படாத. காத்தை இழுக்கற கார்பரேட்டர் வாயை உள்ளங்கையால பொத்து. மூச்சு முட்டி நின்னுடும்."

அந்த வாய்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஃபில்டர் இல்லாமல் திறந்து கிடந்த அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. எது உரசினால் உலோகம் இப்படித் தேயும் என்று அவனுக்குப் புரியவில்லை.

அக்கா கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையே கட்டிக்கோயேன்டா. பொண்ணு பாக்கற வேலை மிச்சம்."

"உனக்காகத்தான்க்கா இவ்வளவும்."

"தெரியும்டா. ராத்திரில மட்டும் ஓட்டாத. என்னமோ நெஞ்சை அடைக்குது."

அவன் அதை இன்னும் ஒருமுறைகூட ஓட்டவில்லை.

சொல்லவில்லை. பயந்துவிடுவாள். பிளக்கை மாட்டி, பலகையில் போல்ட் போட்டு, தானே சுற்றிய டைனமோவுக்கு பெல்ட் இழுத்து, புகைக் குழாயைச் சுவருக்கு வெளியே திருப்பிவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. கயிற்றை இரண்டாம் முறை இழுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பட்பட்பட்டென்ற அந்தச் சத்தத்துக்கு நடுவே ஜன்னலுக்குள் மெஷினின் பச்சை விளக்கு எரிந்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் கவனித்தான். மெஷின் ஓடுகிறது. அக்கா இருமவில்லை. கேலி பேசவில்லை.

எட்டிப் பார்த்தான். அவள் வாய் திறந்திருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. நெஞ்சு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. இன்ஜினின் ஒவ்வொரு 'பட்' சத்தத்துக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே.

பெட்ரோல் வால்வை மூடினான். ஓடியது.

பிளக் ஒயரைப் பிடுங்கினான். ஓடியது.

உள்ளங்கையால் கார்பரேட்டர் வாயைப் பொத்தினான்.

நின்றது. ஜன்னலுக்குள் அக்கா ஓவென்று காற்றை இழுத்தாள், இருமினாள், அழுதாள். அக்காவிடம் ஓடக் கையை எடுத்தான். பெல்ட் சக்கரம் தானாகச் சுற்றியது. ஜன்னல் கம்பியை அவள் கை அடித்தது. கந்தல் துணியை இன்ஜின் வாயில் திணித்தான். துணி உள்ளே போய்விட்டது. மறுபடி உள்ளங்கை. அமைதி.

கட்டைவிரல் மேடு அந்தத் தேய்ந்த பள்ளத்தில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அவனுக்கு முன்னால் இங்கே இன்னொரு கை இருந்திருக்கிறது. உலோகம் தேய்கிற காலம்வரை.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

"கரண்ட் வந்துடுச்சுடா." அக்காவின் குரல் களைத்துத் தெளிந்திருந்தது. "உள்ள வா. கையக் கழுவிட்டு சாப்பிடு."

ஒரு விரலை மட்டும் உயர்த்திப் பார்த்தான். உள்ளே இருமல். விரலை வைத்துவிட்டான்.

"இதோ வர்றேன்க்கா."

உள்ளங்கைக்கு அடியில், இளஞ்சூடாக, அவசரமே இல்லாமல், அது மூச்சை இழுத்துப் பார்த்தது.