முதல் மடக்கு

காலை ஆறு மணிக்கு அமலி உடல்வெப்பம் பார்த்தாள். மல மாதிரியைக் குப்பியில் அடைத்து, சுவரிலிருந்த இரட்டைக்கதவுப் பெட்டிக்குள் வைத்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உதவி விஞ்ஞானி தவசி அதை எடுத்து மரபணு வாசிப்பானில் ஏற்றினான். முப்பத்தோரு நாளாக இதுதான் நடைமுறை. இன்னும் ஒன்பது நாள்.

புதிய நுண்ணுயிரை வடிவமைப்பவரே அதன் முதல் மடக்கைக் குடிக்க வேண்டும், நாற்பது நாள் அடைபட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு, தன்னழிப்பு மரபணு பழுதான ஒரு பாக்டீரியா வெளியே போய் இரண்டு மாவட்டங்களைக் காலி செய்திருந்தது. ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் அமலி பிறப்பதற்கு முன்பே செயலிழந்துவிட்டன; நோய்க்கிருமிகளைக் கொல்ல இப்படி வடிவமைத்த நுண்ணுயிர்கள்தான் மருந்து. இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவள் நான்கு முறை குடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நாற்பதாம் நாள் தூண்டுகரைசலைக் குடித்ததும் தன்னழிப்பு மரபணு விழித்தது, உள்ளிருந்தவை செத்தன, கதவு திறந்தது.

ஐந்தாவது, கடலோர ஊர்களில் பரவும் குடற்காய்ச்சலுக்கானது. வெளியே தினமும் அறுபது எழுபது பேர் இறந்துகொண்டிருந்தார்கள்.

தவசி திரையிலிருந்து நிமிரவில்லை.

“என்ன தவசி?”

“இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கேன் மேடம்.”

இரண்டாம் முறையும் அதேதான் வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பினான். தன்னழிப்பு மரபணுவில் பாதியைக் காணவில்லை. பாக்டீரியா அதை வெட்டி எறிந்திருந்தது.

“எத்தன சதவீதம்?”

“நாப்பதுக்கு மேல. முந்தாநாளு ரெண்டுதான். கருவிப் பிழைன்னு விட்டுட்டேன்.” குரலைத் தாழ்த்தினான். “காய்ச்சல் கிருமிய இது கொல்லத்தான மேடம் செய்யுது? ஒங்களுக்கும் ஒண்ணும் ஆகல. நான் மட்டுந்தான் பாத்திருக்கேன். எங்கம்மா இதே காய்ச்சல்ல வார்டுல கெடக்காங்க.”

அமலியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அறிக்கை போனால் தயாரித்து வைத்த மருந்து முழுவதையும் எரித்துவிடுவார்கள். அவளுக்குள் இருப்பதைக் கொல்ல எதுவும் இல்லை.

“அனுப்பு தவசி.”

“நீங்க வெளிய வரவே முடியாது.”

“தெரியும்.”

அவன் அசையவில்லை. அவளே தன் கணினியிலிருந்து அனுப்பினாள். சில நிமிடங்களில் கதவின் இரண்டாவது பூட்டு விழுந்தது.

மதியம் கணவர் சேவியர் துறைமுகச் சீருடையோடு கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்.

“எப்போ விடுவாங்க?”

“இதக் கொல்ற வைரஸ் ஒண்ணு கெடைச்சா.”

“யாரு கண்டுபிடிப்பா?”

“நான்தான். இந்தக் கிருமியோட பயமில்லாம வேல செய்ய நான் ஒருத்திதான் இருக்கேன். கருவியெல்லாம் உள்ள கேட்டிருக்கேன்.”

“ஒனக்கு அம்பத்தொண்ணு ஆகுது அமலி,” என்றார் சேவியர்.

வியாழக்கிழமை தவசியின் அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து நான்காம் நாள் அவன் வந்து கண்ணாடியருகே நின்றான்.

“மருந்து வந்துரும், வந்துரும்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன் மேடம்.”

அமலி எழுந்து வந்து அவனுக்கு எதிரே நின்றாள். அவன் திட்டவில்லை, அங்கிருந்து போகவும் இல்லை.