சாது கிருமி கொன்ற எலிகள்

"என் எலிங்க எல்லாம் செத்துப்போச்சு, டாக்டர். நாலு மணிக்குள்ள என் ஆராய்ச்சிக் கட்டுரையை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போடணும்னு ஆய்வக இயக்குநர் சொல்லிட்டார். பொய் சொன்னவன்னு பேராயிடும். அப்புறம் எந்த ஆய்வகமும் என்னைச் சேர்க்காது."

ஆய்வாளர் அழாமல் இதைச் சொன்னாள். தட்டச்சுக்காரிக்கு அதுவே பிடிக்கவில்லை. மர்மங்களைத் துப்பறியும் டாக்டரின் குறிப்புகளைப் பத்து வருடமாகத் தட்டச்சு செய்பவள் அவள். அவளை ஒருநாளும் பாராட்டாத மனிதர், இந்தப் பெண் வந்து கால்மணி நேரத்துக்குள் மூன்று தடவை "பிரமாதம்" என்றுவிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். குடல் நோய்க் கிருமி ஒன்றின் டிஎன்ஏ மேல் மெத்தில் என்னும் நுண்ணிய முத்திரைகளை ஒரு நொதி குத்துகிறது. அந்த நொதிக்கான மரபணுவை ஆய்வாளர் நீக்கினாள். முத்திரை போயிற்று, கிருமி சாதுவாகிவிட்டது, அதை ஏற்றிய எலிகள் பிழைத்தன. ஆனால் இயக்குநர் கேட்டு மறுபடி செய்தபோது அத்தனை எலியும் செத்தன.

"கிருமிக் குழாய் மாறியிருக்கும்," என்று முந்திக்கொண்டாள் தட்டச்சுக்காரி.

"பாத்துட்டேன்க்கா. மரபணு இருந்த இடம் காலியாத்தான் இருக்கு. எப்பவும் அதைத்தான் பாப்பேன்."

தட்டச்சுக்காரியின் முகம் சுருங்கியது.

மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே எலிக்கூடம் பார்ப்பவர் கையைப் பிசைந்தார். "எலிங்களுக்குக் கொடுக்கறதுக்கு முந்தின நாளே குழாயை வாங்கிக் குளிர்பெட்டியில வெச்சேன். அதுக்குப் பூட்டு கிடையாது. உள்ள வேலை செய்யற யார் வேணா திறக்கலாம்."

அடுத்த மேசையில், அதே ஆய்வகத்தில் வேலை செய்யும் ஆய்வாளரின் கணவன். "நீக்கின மரபணுவைத் தனி டிஎன்ஏ வளையமா அந்தக் கிருமிக்குள்ள திருப்பி வைக்கச் சொன்னா. மூணு மாசமா முட்டிக்கிறேன், ஒண்ணும் வரலை."

அந்தப் பக்கம் வந்த இயக்குநர், "உங்க மனைவி மாதிரி மூளை லட்சத்தில் ஒண்ணு. இப்படி ஆயிடுச்சே," என்றார். கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தட்டச்சுக்காரிக்குச் சுருக்கென்றது.

டாக்டர் ஒரே ஒரு சோதனை கேட்டார். டிஎன்ஏவை வெட்டும் நொதி, அதிலும் முத்திரை விழுந்த இடத்தை வெட்டாத ரகம். எலிகளைக் கொன்ற குழாயில் மிஞ்சிய கிருமியின் டிஎன்ஏவை ஆய்வாளர் அவர் கண் முன்னாலேயே அதில் போட்டாள்.

மூன்றரை மணிக்கு எல்லோரும் கூடினார்கள்.

"வெட்டலை," என்றார் டாக்டர். "அப்ப முத்திரை இருக்கு. மரபணு இருந்த இடமோ காலி. அப்ப முத்திரையைக் குத்தினது யாரு?"

"மரபணு வேற வழியா உள்ள வந்திருக்கணும்," என்றாள் ஆய்வாளர் மெல்ல.

"அதேதான். சும்மா கெடுக்க வந்தவன் சாதாரணக் கொலைகாரக் கிருமியை வெச்சிருப்பான். அதுல மரபணு பழைய இடத்துலயே இருக்கும், நீங்க பாத்த உடனே மாட்டியிருப்பான். இதைச் செஞ்சவருக்கு நீங்க எந்த இடத்தைப் பாப்பீங்கன்னு தெரியும். மரபணு திரும்பக் கிடைச்ச கிருமியும் கையில இருந்திருக்கு. அதைத் திருப்பி வைக்கற வேலையில இருந்துட்டு, ஒண்ணும் வரலைன்னு சொன்னவர் ஒருத்தர்தான்."

கணவன் எழுந்தான். "ஊகம்!"

"நீங்க சிரிச்சது ஊகமில்ல," என்றாள் தட்டச்சுக்காரி. "எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். காலையிலேர்ந்து இவங்க தோத்துப்போகணும்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

சொன்னபிறகு வெட்கமாக இருந்தது. டாக்டர் தன் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொண்ணு," என்று கணவனைப் பார்த்தார். "மரபணுவை எடுத்தா சாது, திருப்பிக் கொடுத்தா கொலைகாரன். இவங்க கண்டுபிடிப்புக்கு இல்லாம இருந்தது அந்த ஒரு சாட்சிதான். அதை நீங்களே கச்சிதமா முடிச்சுக் கொடுத்துட்டீங்க."

இயக்குநர் வாபஸ் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். கணவன் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இந்தக் கட்டடத்துல என் பேர் யாருக்குமே தெரியாது," என்றான் மனைவியிடம். "எல்லாருக்கும் நான் 'அவங்க வீட்டுக்காரர்'. எத்தனை நாள்தான் பொறுத்துக்கிறது?"

ஆய்வாளர் அவனையே பார்த்தாள். இப்போதுதான் அவள் கண் கலங்கியது.

"கவலைப்படாதீங்க," என்றாள். "இனிமே யாரும் உங்களை அப்படிக் கூப்பிட மாட்டாங்க."