சீட்டில் வராத கட்சி

அவன் கடலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

இராமலெட்சுமிக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது. வெள்ளவத்தை ஸ்டேஷனின் கடைசி மர வாங்குக்கு அருகில், கூரையிலிருந்து ஒழுகும் மழைக்குத் தப்பி, மடித்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். தண்டவாளத்துக்கு அப்பால் முள்ளுக்கம்பி. அதற்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் கடல்... அதைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசினான்.

"...சும்மா கிடைத்த கஞ்சி சனத்தின் முதுகெலும்பை உருக்கிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னே, ஊரெல்லாம் வேலையற்றுக் கிடந்த காலத்தில், அரசாங்கம் இவர்களைக் கல்லுடைக்கக் கூப்பிட்டது. வந்தவர்கள் கல்லை உடைத்தார்களா, நேரத்தை உடைத்தார்களா?"

அவளுடைய காது மடல்கள் சூடாகின.

அவள் அங்கே அப்பா சங்கிலிக்காகக் காத்திருந்தாள். துறைமுகத்தில் வேலை முடிந்து, கொச்சிக்கடையிலிருந்து கோட்டைக்கு நடந்து, நாலு மணி ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார் சங்கிலி. பட்டாளத்து ரயில்களுக்கு வழி விட்டு விட்டு, மற்ற ரயில்கள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத யுத்த நாட்கள் அவை. அவளுடைய பையில் மூன்று தாள்கள் இருந்தன. மூன்றிலும் அப்பா இருந்தார்... அவருடைய சுத்தியல், அவருடைய கல், அந்தக் கல்லால் அவள் வயிற்றில் விழுந்த சோறு. இன்றைக்கு வாசிகசாலை விவாதத்தில் அவள் முதன்முதலாகப் பேசப் போகிறாள். அப்பாவுக்காகப் பேசப் போகிறாள்.

"நேரத்தை உடைச்சவங்க கையைப் பாத்திருக்கீங்களா?"

தான் கேட்டது அவள் காதிலேயே அப்புறம்தான் விழுந்தது.

அவன் திரும்பினான். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள். திருடும்போது பிடிபட்டவனுக்கு இருக்க வேண்டிய பயம் அவற்றில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி இருந்தது... யார் இவள் என்று. அந்தக் கேள்வி அவள் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது.

"நீங்கள் எப்ப தொடக்கம் நிக்கிறியள்?"

"கஞ்சியிலேருந்து."

"அப்ப முன்பாதியைக் கேக்கேல்லை."

"பின்பாதியே போதுங்க. வயிறு நிறைஞ்சிருச்சு."

அவன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. வாசிகசாலைக்கா, அவனும் அங்கேதான், மழை கூடுது, குடைக்குள் வரலாமே... அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

"வேணாங்க. சும்மா கிடைக்கிறதை வாங்கினா முதுகெலும்பு உருகிருமாம்."

அப்பாவுக்கு வாசிகசாலை தெரியும், வந்துவிடுவார். பஸ் ஓடும் காலி வீதியைக் கடப்பதற்குள் முழுக்க நனைந்துவிட்டாள். ஆனால் நடக்க நடக்க, கோபத்துக்குக் கீழே வேறொன்று அரித்தது. முன்பாதியில் என்ன இருந்திருக்கும்?

வாசிகசாலை ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தார்கள். ஆறு மணிக்குள் கூட்டம் முடிய வேண்டும். முப்பது பேர் இருக்கும். நாலைந்து பெண்கள். மேசையில் ஒரு பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்திருந்தார் தலைவர், மாளிகாவத்தை மஜீட் மாஸ்டர்.

"வாங்க மகள். நனைஞ்சிட்டீங்களே. சீட்டை எடுங்க."

"என்ன சீட்டு, ஸேர்?"

"ஒங்களுக்குப் புதிசு, தெரியாதீக்கும். தலைப்பை மட்டும்தான் நாங்க முன்கூட்டிச் சொல்லுவோம். கட்சியைச் சீட்டுத்தான் சொல்லும். அதால எல்லாரும் ரெண்டு பக்கமும் ஆயத்தமாகி வருவாங்க. இல்லாட்டி அவனவன் நம்பினதையே பேசிட்டுப் போவான், மத்தவன் சொல்லுறதைக் கேக்கவே மாட்டான்."

அவள் டின்னுக்குள் கைவிட்டாள்.

கரும்பலகையில் தலைப்பு இருந்தது. பொருளாதார மந்த காலத்து நிவாரண வேலைகள் மக்களை உயர்த்தினவா, தாழ்த்தினவா? அவள் கையிலிருந்த துண்டில் ஒரே சொல்: தாழ்த்தின.

அடுத்துச் சீட்டெடுத்தவன் ஸ்டேஷனில் பார்த்த அவன். அவனுக்கு, உயர்த்தின.

"ஆரம்பிக்கிறது இராஜநாயகம். எதிர்க்கிறது செல்வி இராமலெட்சுமி," என்றார் மாஸ்டர், பெயர்களை எழுதியபடி.

அப்போதுதான் சங்கிலி படியேறி வந்தார். கடைசி வாங்கின் நுனியில், தன் ஈரம் யார்மேலும் படக்கூடாதென்பதுபோல் ஒடுங்கி உட்கார்ந்தார். சட்டைப்பையில் குத்தியிருந்த துறைமுகப் பாஸைக் கழற்றக்கூட மறந்திருந்தார். மகளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அவர்கள் குடியிருக்கும் கிராண்ட்பாஸ் சந்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருப்பார்... எம்மக இன்னைக்கு என்னைப் பத்திப் பேசுது என்று.

அவருக்கு முன்னால் நின்று, அவருடைய சுத்தியலை எதிர்த்து அவள் பேச வேண்டும்.

"மிஸ்."

இராஜநாயகம் பக்கத்தில் வந்து நின்றான். அவனுடைய பார்வை கடைசி வாங்குக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"மணி அடிக்க முதல் ரெண்டு பேரும் ஓமெண்டால் மாத்தலாம். விதியிலயே இருக்கு. என்ர சீட்டை நீங்கள் எடுங்கோ."

அவள் வாய் கிட்டத்தட்ட 'சரி' என்று சொல்லியிருந்தது. ஆனால் அவன் குரலில் இருந்த மென்மை... அது அவளைக் குத்தியது. அந்த மென்மையை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் வரிசையில் நின்றபோது, கஞ்சி வாளிக்குப் பின்னால் நின்ற சீமாட்டிகளின் குரலில் அது இருந்தது.

"இதுவும் நிவாரணமாங்க?"

அவன் முகம் சுருங்கியது. "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை."

"பாவம் பாத்துக் குடுக்கிறதை நான் வாங்கிக்கிறதில்லை."

"சரி. உங்கட விருப்பம்."

மணி அடித்தது.

அவன் பேசினான். ஒரு மணி நேரத்துக்கு முன்பு கடலுக்கு எதிரில் நின்றவன்தானா இவன்? வேலையில் கைகால் போனால் நட்டஈடு என்ற சட்டம் வந்தது அந்த மந்த காலத்துக்குள்தான் என்றான். பட்டினி கிடந்தவன் எழுப்பிய சத்தம்தான் அரசாங்கத்தின் காதைத் திறந்தது என்றான். "நீங்கள் இன்றைக்கு நடந்து வந்த தெருவில் ஏதோ ஒரு கல், வேலையில்லாத ஒருவன் உடைத்த கல். அவன் கையேந்தவில்லை. எங்களுக்கு ஒரு தெரு தந்தான்." சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டான். கண்ணாடியில்லாத கண்கள் இன்னும் நிஜமாக இருந்தன.

எது நிஜம்? அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இந்த மனிதனுக்குள்ளே, இரண்டு பக்கத்துப் பேச்சும் முடிந்தபிறகு, அமைதியாக இருக்கும் இடம் ஒன்று இருக்குமே... அங்கே என்ன எழுதியிருக்கும்?

அவள் முறை வந்தது. எழுந்தாள். மூன்று தாள்களையும் கவிழ்த்து வைத்தாள்.

"என் அப்பா கல்லுடைத்தார்," என்று தொடங்கினாள். பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசி வாங்கில் அப்பா காத்திருந்தார்.

தெரியாத அந்த இடத்தில்தான் ஒரு நினைவு வந்தது. எல்லா நாளும் இருட்டிய பிறகு வருகிற அப்பா ஒருநாள் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். குழாயடியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பத்து வயது. ஏன் என்று அவரிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சந்தில் மற்றவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"தேயிலைத் தோட்டத்தில் ஆட்குறைப்புச் செய்தார்கள். கொழும்புக்கு வந்தோம். ஏழு மாதம் உடைத்தார். வேலையில் அவருக்கு இழிவு இல்லை. ஒருநாள் காலை மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது... எங்கே பிறந்தாய்? அவர் உண்மையைச் சொன்னார். சுத்தியலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக இந்தியாவுக்குப் போக இலவசமாக ஒரு கப்பல் டிக்கட் கொடுத்தார்கள். அதற்கும் பெயர் நிவாரணம்தான். அந்த டிக்கட் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்னமும் இருக்கிறது. நேற்றுவரை தன்னோடு கல்லுடைத்தவர்கள் பார்க்க, வெறுங்கையோடு வரிசையை விட்டு விலகினாரே... அந்த மனிதரைத் தூக்கி நிறுத்த எந்தச் சட்டம் வந்தது?"

சங்கிலி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்லும் உரிமை இராஜநாயகத்துக்கு இருந்தது. அவன் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"என்னுடைய தகப்பனார் அப்போது ஒரு நிவாரண வேலைத்தளத்தில் கிளாக்கராக இருந்தவர். எந்தத் தளம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பேர் வெட்டுவது அவருடைய வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இதுபற்றி அவரிடம் கேட்க எனக்கு இதுவரை துணிவு வரவில்லை." அவளைப் பார்த்தான்.

உட்கார்ந்துவிட்டான்.

மஜீட் மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். தாழ்த்தின, பதினேழு. உயர்த்தின, பதினைந்து. அவள் கட்சி வென்றது. எண்ணும்போது அவள் இரண்டு கைகளைத்தான் பார்த்தாள். அவளுடைய பக்கத்துக்காக உயர்ந்த கைகளில் ஒன்று இராஜநாயகத்தின் கை. எதிர்ப்பக்கத்துக்காக, கடைசி வாங்கில், காய்ப்பு விழுந்த ஒரு கை.

படியிறங்கும்போது கேட்டாள்.

"என்னாங்கப்பா, எனக்கு எதிரா கை தூக்கிட்டீங்க?"

"ஏழு மாசம் ஒனக்குச் சோறு போட்டுச்சே புள்ள. அதுக்குத் தூக்குனேன்." கொஞ்சம் நின்றார். "நீ பேசுனதெல்லாம் சரிதான். நான் கை கழுவுனதெல்லாம் ஒனக்கு நெனவிருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் மழை வலுத்திருந்தது. இராஜநாயகம் குடையோடு தயங்கி நின்றான். இந்தமுறை யாரிடம் நீட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. சங்கிலிதான் கையை நீட்டினார்.

"குடுங்க தம்பி. கோச்சிக்கு நேரமாச்சு. கெழவன் நனைஞ்சா நாளைக்கு வேலைக்குப் போக ஏலாது."

குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். பின்னால் இரண்டு பேர் கடைகளின் தாழ்வாரம் தாழ்வாரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். தாழ்வாரம் இல்லாத இடங்களில் நனைந்தார்கள்.

"ஏங்க எனக்குக் கை தூக்கினீங்க? பாவமா?"

"இல்லை. நீங்கள் சொன்னது உண்மை. பாவம் பாக்கிற நிலையில நான் இருக்கேல்லை... வெக்கமாயிருந்தது."

"அப்ப உங்க கட்சிதான் எது? கடல்கிட்ட ஒண்ணு, மேடையில ஒண்ணு, கை தூக்கும்போது ஒண்ணு."

"ஸ்டேஷனில நீங்கள் கேட்டது ஒரு பாதிதான். ரெண்டு பக்கமும் சொல்லிப் பாத்தனான்." அவன் கண்ணாடியில் மழை வழிந்தது. துடைக்காமலே நடந்தான். "அந்த வேலை நல்லது. அந்த மேசை பிழை. ரெண்டையும் சேத்துச் சொல்ல ஒரு கட்சி இல்லை எண்டதாலதான் ஒவ்வொரு சனியும் சீட்டெடுத்துப் பேசிக்கொண்டு திரியிறன்."

அவனுக்குள்ளே அந்த அமைதியான இடம்... கதவு கொஞ்சம் திறந்ததுபோல் இருந்தது.

ஸ்டேஷன் வந்துவிட்டது. மூடிபோட்ட விளக்குகள். தூரத்தில் ரயிலின் மங்கிய வெளிச்சம். மேடையின் அந்தக் கோடியில், குடையைப் பிடித்தபடி, சங்கிலி மிகவும் அக்கறையாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த சனி வருவியளோ?"

"என்னா தலைப்பு?"

"தெரியாது." அவன் அவள் பக்கம் திரும்பினான். "தலைப்புக்காகக் கேக்கேல்லை. நீங்கள் வரோணும். எனக்காக வரோணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, இராமலெட்சுமி."

நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்து எழுந்தது. அதை மறைக்கத்தான் அவள் கேட்டாள்.

"உங்க வீட்டு மேசையிலயும் அந்தக் கேள்வியைக் கேப்பாங்க. எங்க பொறந்தவன்னு."

"கேப்பினம். இதுவரை துணிவு வரேல்லை எண்டு மேடையில சொன்னனான். இனி அப்பிடிச் சொல்ல மாட்டன். முதல்ல என்ர ஐயாவை அந்த வேலைத்தளத்தைப் பற்றி நான் கேக்கிறன்... பிறகு அவர் என்னைக் கேக்கட்டும்."

"நாளைக்கே மறுபக்கம் பேச மாட்டீங்களே?"

"இதுக்கு நான் சீட்டெடுக்கேல்லை."

ரயில் வந்து நின்றது. சங்கிலி குடையை மடக்கி, தண்ணீரை உதறி, அவனிடம் கொடுத்துவிட்டு முதலில் ஏறினார். அவள் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஈர முகத்தில், துடைக்காத கண்ணாடிக்குப் பின்னால், அந்தப் பெரிய கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன.

"நாலு மணிக்குத்தானே கடல்கிட்டப் பேசுவீங்க?"

"ஓம்."

"அடுத்த சனிக்கிழமை மூணு மணிக் கோச்சியில வர்றேன்," என்றாள் மெதுவாக. "முன்பாதியிலேருந்து கேக்கணும்."