இடது பக்கம் திரும்பினால் பாம்!

"உம்ம வண்டி வாயில நீரு துணிய அடைக்கீரா, இல்ல நான் வந்து அடைக்கவா?"

"வண்டிக்கு ஏது ஏட்டையா வாயி? அது ஹாரன்!"

"ஹாரன்னா அமுக்குனாத்தான்வே சத்தம் வரணும்? இது அமுக்காமலே கத்துதே, அதுக்குப் பேரு என்ன?"

அன்று காலை எங்கள் தெரு இப்படித்தான் விழித்தது.

கத்தியவர் தெருமுனை வீட்டு ஏட்டு குற்றாலீஸ்வரன். லுங்கியும் திருப்பிப் போட்ட பனியனுமாக நடுத்தெருவில் நின்றார். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் அவருக்கு அருவிக்கரையில் இரவுக் காவல். "எண்ணெய் தேச்சுட்டுப் பாறையில ஏறாதீங்க!" என்று விடியவிடியக் கத்துவார். பிறகு வீட்டுக்கு வந்து பகலில் தூங்குவார். அதாவது, தூங்கப் பார்ப்பார்.

பதில் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு முத்துச்செல்வம். அவரிடம் ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி உண்டு. அது அவரைவிட வயதில் மூத்தது. நீளமான மூக்கு, தவளைக் கண் போல இரண்டு விளக்குகள். தென்காசிச் சந்தையிலிருந்து ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக் கடைகளுக்குப் போய்வரும்.

அந்த நேரத்தில் நான் வாசலில் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கோலம் போட்டேன். கோலம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. சண்டை முடியவில்லையே, அதனால் இன்னும் நாலு புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டைக்குக் காரணம் இதுதான். சாரல் தொடங்கியதிலிருந்து அந்த வண்டிக்கு ஒரு விசித்திர வியாதி. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் போதும், யாரும் தொடாமலே "பாஆஆம்!" என்று கத்தும். வலது பக்கம் திருப்பினால் சமர்த்தாக வாயை மூடிக்கொள்ளும்.

முத்துச்செல்வம் என்ன செய்தார் தெரியுமா? இடது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்! இடது பக்கம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போனார். காலையும் மாலையும் அவர் வண்டி கோயிலின் ரத வீதிகளை வலம் வந்தது. "முத்துச்செல்வத்துக்குப் பக்தி முத்திப்போச்சு" என்று தெருவில் ஒரு பேச்சு. யார் கிளப்பியது என்பது இப்போது முக்கியமில்லை.

ஆனால் எங்கள் தெருவுக்குள் நுழைய இடது பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பும் இடத்தில்தான் ஏட்டையாவின் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது.

"இன்னொரு தடவ கத்துச்சுன்னு வையும், வண்டிய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருவேன்!" என்றார் ஏட்டையா.

முத்துச்செல்வத்துக்கு முகம் சிவந்தது. "நீங்க எதுக்கு இழுக்கணும்? நானே வித்துத் தொலைக்கேன்! இந்தா, கடற்கரைக்குப் போன் போடுதேன்!"

என் கையிலிருந்த கோலமாவு அப்படியே நின்றது.

கடற்கரை பழைய இரும்பு வாங்குகிறவர். கடையநல்லூர் போகும் ரோட்டில் அவருக்குக் கடை. அதற்குள் போன வண்டி எதுவும் வண்டியாக வெளியே வந்ததில்லை. துண்டு துண்டாகத்தான் வரும்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள் வேல்விழி. முத்துச்செல்வத்தின் மகள், ஆறாம் வகுப்பு. ஒரு பக்கம்தான் சடை பின்னியிருந்தது. மறு பக்கம் காற்றில் பறந்தது.

"அப்பா, வெளையாட்டுக்குத்தானே சொல்லுதிய?"

முத்துச்செல்வம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "ஆமா கடற்கரை, நாளைக்குக் காலையில வாரும்" என்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வேல்விழி வண்டியின் நீல மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்ததே அந்த வண்டியில்தான். பாடம் படிப்பதும் அதன் முன் சீட்டில்தான். அவள் வீட்டில், 'ஏட்டி, அதை எடுத்துட்டு வா' என்று யாரும் வேலை சொல்லாத ஒரே இடம் அது.

"மாடன் மாமா சரி பண்ணலையாப்பா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் மாடன் இத்தனை நாளும் சும்மா இருக்கவில்லை. முதலில் ஹாரனை மாற்றினான். அப்புறம் வயரை மாற்றினான். எதற்கும் மசியாததால் ஒருநாள் வயரைக் கழற்றியே விட்டான். அன்றைக்கு ஐந்தருவி ரோட்டில் குரங்குக் கூட்டம் ஒன்று வண்டியை மறித்து உட்கார்ந்துகொண்டது. ஹாரன் இல்லை. முத்துச்செல்வம் ஜன்னலில் தலையை நீட்டி, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கெஞ்சினார். அவை தள்ளவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து ரம்புட்டானை உரித்துத் தின்றன. ஒன்று தோலை அவர் மேலேயே எறிந்ததாகக் கேள்வி.

கடைசியில் வயரைத் திரும்ப மாட்டிவிட்டு மாடன் சொன்னான்: "அண்ணாச்சி, ஸ்டியரிங் நடுவுல இருக்க மூடியத் திறந்து பாத்துருவோம்."

"அதுல மட்டும் கைய வைக்காத!" என்று முத்துச்செல்வம் பாய்ந்தார். "அது சாமி காரியம்."

"அப்ப சாமிகிட்டயே ரிப்பேர் பாத்துக்கிடுங்க" என்று மாடன் ஸ்பானர்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

சண்டை நடந்த அன்று சாயங்காலம் உறை மோர் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டிலும் உறை மோர் இருந்தது என்பது வேறு விஷயம். வேல்விழியின் அம்மா சத்யபிரியா அடுப்படியில் மோரைத் தேடினாள். அடுப்படி ஜன்னலுக்கு வெளியேதான் வண்டி நின்றது. நான் என்ன காதைப் பொத்திக்கொண்டா நிற்க முடியும்?

வண்டியைச் சத்தமில்லாமல் கொண்டுவர, முத்துச்செல்வமே ஹாரன் வயரைக் கழற்றிவிட்டிருந்தார். வேல்விழி டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. காதை ஸ்டியரிங்கில் ஒட்டவைத்திருந்தாள்.

மெதுவாக இடது பக்கம் திருப்பினாள்.

டிக்.

வலது பக்கம் திருப்பினாள்.

டிக்.

மறுபடி இடது பக்கம். டிக்.

"அப்பா! இங்கன வாங்களேன். உள்ள என்னமோ உருளுது. இம்புட்டு நாளும் ஹாரன் சத்தத்துல கேக்கல. இப்பதான் கேக்குது."

முத்துச்செல்வம் வந்தார். சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் பரீட்சைத்தாளை ஒளித்துவைத்த பையனின் முகம்போல ஆகிவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரியும்லாப்பா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. நல்லவேளை.

"நம்ம வீட்டுக்கு வாசல் நிலை வைக்கும்போது அடியில ஐம்பொன் வச்சோம். அஞ்சு உலோகம் சேந்த துண்டு. வீட்டுக்கு நல்லதுன்னு எல்லாரும் வைக்கதுதான். அதுல ஒரு துண்டு மிச்சம் கெடந்துச்சு. போன ஆயுத பூஜைக்கு, வண்டிக்கும் வைப்போமேன்னு ஸ்டியரிங் மூடிக்குள்ள வச்சேன். மஞ்சத் துணியில சுத்தித்தான்மா வச்சேன்."

"துணி இத்துப் போயிருக்கும்பா. துண்டு மட்டும் உருளுது. இடது பக்கம் திருப்பினா அது போய் ஹாரன் கம்பியில முட்டுது. நம்ம அமுக்குனா என்ன ஆகுமோ, அதையே அது செய்யுது. மாடன் மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் சிரிப்பான். ஏட்டையா ஊரக் கூட்டுவாரு. அந்த எதிர்வீட்டு அக்கா காதுல விழுந்துச்சு, அம்புட்டுதான். பொழுது விடியுமுன்ன குத்தாலம் வரைக்கும் போயிரும்."

நான் மோர் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு அநியாயமான பேச்சு!

"அதுமட்டுமில்லம்மா" என்றார் அவர், இன்னும் மெதுவாக. "அத வச்ச நாளுலருந்து வண்டி ஒரு பஞ்சர்கூட ஆகல. எடுத்தா ராசி போயிருமோன்னு பயமா இருக்கு."

வேல்விழி சிரிக்கவில்லை.

"வண்டி நல்லா இருக்கணும்னுதானே அத வச்சிய? இப்ப அத எடுக்கப் பயந்துக்கிட்டு வண்டியவே விக்கப் போறிய. வண்டி போனப்புறம் ராசிய வச்சு என்னப்பா செய்யப் போறோம்?"

முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தார்.

"நிலைக்கு அடியில வச்சது ஏன் சும்மா கெடக்குது? நிலை திரும்பாது. ஸ்டியரிங் திரும்பும்லா! நீங்க வச்சது தப்பே இல்ல. வச்ச எடம்தான் சரியில்ல. வண்டியில திரும்பாத எடமாப் பாத்து வச்சிருவோம்."

"எங்கன?"

"டாஷ்போர்டுல பிள்ளையார் படம் இருக்குல்லா, அதுக்குப் பின்னால. அவரு கூடவே இருக்கட்டும்."

முத்துச்செல்வத்தின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. சாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மூடியின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே இற்றுப்போன மஞ்சள் நூல், பச்சைக் களிம்பேறிய பித்தளைத் தகடு, நடுவில் சுண்டைக்காய் அளவில் அந்தத் துண்டு.

வேல்விழி அதைப் புதுத் துணியில் சுற்றிப் பிள்ளையாருக்குப் பின்னால் செருகினாள். பிறகுதான் சொன்னாள்: "இப்ப மாடன் மாமாவக் கூப்பிடுங்கப்பா. மூடியத் திறக்கணும்னு மொதல்ல சொன்னது அவியதானே."

மாடன் முறுக்கிக்கொண்டுதான் வந்தான். திறந்திருந்த மூடியைப் பார்த்ததும் முறுக்கு தளர்ந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்!" என்றான். அதை இன்னும் பல தடவை சொன்னான். வேல்விழி ஒவ்வொரு தடவையும், "ஆமா மாமா, நீங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

துணியால் துடைத்தும் பித்தளையில் களிம்பு போகவில்லை. மாடன் உப்புத்தாளைத் தேட, வேல்விழி அடுப்படிக்கு ஓடி ஒரு கோலி அளவு புளி எடுத்துவந்தாள். குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்து, துடைத்து, ஈரம் போக ஊதினாள். பித்தளை பளிச்சென்று சிரித்தது. மாடன் சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி அடியில் வைத்து, ஸ்பிரிங்கைப் பொருத்தி, மூடியை மாட்டி, வயரை இணைத்தான்.

அமுக்கினான். பாம்! கையை எடுத்தான். அமைதி.

இடது பக்கம் திருப்பினான். அமைதி. வலது பக்கம். அமைதி.

"உள்ள என்னதான் கெடந்துச்சு?" என்று கேட்டான் மாடன்.

"ஒரு சின்னத் துண்டு மாமா. எடம் மாறிக் கெடந்துச்சு."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானும் போகிறபோக்கில் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அதே பதில்தான். முத்துச்செல்வம் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு அன்றைக்கெல்லாம் நாக்கு அரித்தது. ஆனால் அந்தப் பிள்ளை அப்பாவின் மானத்தை அவ்வளவு பத்திரமாகச் சுற்றிவைத்த பிறகு, நான் போய் அவிழ்ப்பதா? அவிழ்க்கவில்லை. இப்போது உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். முத்துச்செல்வத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாததுபோல இருங்கள்.

மறுநாள் காலையில் கடற்கரை பெரிய கயிற்றோடு வந்து நின்றார். சந்தைக்குப் போன நீல வண்டி அப்போதுதான் தெருமுனைக்கு வந்தது. தெருவே வாசலில் நின்றது. ஏட்டையா தூங்காமல், ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றித் தயாராக நின்றார். திட்டுவதற்கு வாயைக்கூடத் திறந்துவைத்திருந்தார்.

வண்டி இடது பக்கம் திரும்பியது.

சத்தமே இல்லை.

ஏட்டையா திறந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல், கடைசியில் கொட்டாவி விட்டார். "ஏன்வே கத்தல?" என்றார், ஏதோ பறிகொடுத்தவர்போல.

"நீங்க தூங்குங்க ஏட்டையா" என்றாள் வேல்விழி. அவர் அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

கடற்கரைதான் கயிற்றைப் பார்த்தபடி நின்றார். "அப்ப நான் எதுக்கு இம்புட்டு தூரம் வந்தேன்?"

வேல்விழி உள்ளே ஓடினாள். மாடன் கழற்றிப் போட்டிருந்த பழைய ஹாரனை எடுத்துவந்தாள். கூடவே ஒரு கை ரம்புட்டான். "இதுவும் இரும்புதான் மாமா. எடுத்துக்கிடுங்க."

கடற்கரை சிரித்துவிட்டார். ரம்புட்டானை அங்கேயே நின்று தின்று தீர்த்துவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் மாடனுக்குக் கல்யாணம். பெண் செங்கோட்டை. மாப்பிள்ளையும் பெண்ணும் நீல வண்டியின் முன் சீட்டில்தான் வந்து இறங்கினார்கள். வண்டிக்கு அன்று மாப்பிள்ளையைவிடப் பெரிய மாலை.

ஏட்டையாவுக்குத் திருவேங்கடம் ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. அங்கே அருவியும் கிடையாது, இரவுக் காவலும் கிடையாது. கட்டில், பீரோ, துளசித்தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் நீல வண்டி புறப்பட்டது. முன் சீட்டில் முத்துச்செல்வம், நடுவில் வேல்விழி, ஓரத்தில் ஏட்டையா. தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் தற்செயலாக வாசலில் நின்றேன்.

தெருமுனையில் வண்டி இடது பக்கம் திரும்பியது. ஏட்டையா தன் ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு வேல்விழியின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, ஸ்டியரிங்கின் நடுவில் அழுத்தினார்.

பாஆஆஆஆம்!

கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் வேல்விழியின் சிரிப்பு எனக்கு நன்றாகக் கேட்டது.

"போதும் ஏட்டையா, போதும்! எல்லாரும் முழிச்சிட்டாவ!"