வாத்துகளுக்குத் தெரிந்த மொழி

மலர்கொடியின் வீட்டில் பதினொரு வாத்துகள் இருந்தன. அவற்றுக்குத் தமிழ் தெரியாது.

வாத்துக்கு எதற்குத் தமிழ் என்று நீங்கள் கேட்கலாம். வலங்கைமான் சந்தையில் குஞ்சாக வாங்கி வந்து, குடமுருட்டி ஆற்று வாய்க்காலில் நீந்தி, தஞ்சாவூர்ச் சேற்றில் நத்தை பொறுக்கித் தின்ற வாத்துகள் அவை. இரண்டு வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் அவற்றை வளர்த்தது மலர்கொடியின் அம்மா. அம்மா வாத்துகளோடு பர்மிய மொழியில்தான் பேசுவார்.

அம்மாவின் பெயர் மியா. ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் வசதிக்கு 'மாயா' என்று ஆக்கிக்கொண்டார்கள். அப்பா பஞ்சநதம் பர்மாவில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். அங்கேயே அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு தமிழர்கள் பலர் அந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. இரண்டு வயது மலர்கொடியைத் தூக்கிக்கொண்டு அவர்களும் கப்பலேறினார்கள். அப்பாவுக்கு அது சொந்த ஊருக்குத் திரும்புவது. அம்மாவுக்கோ சொந்த ஊரை விட்டு வருவது. ஒரே கப்பல்தான்.

இப்போது 1972. மலர்கொடிக்குப் பத்து வயது. தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ், அம்மாவிடம் பர்மிய மொழி. வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி மொழியையும் மாற்றிக்கொள்வாள். அதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

சாயங்காலம் ஆனால் அம்மா ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் தவிடு போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போவார். இடுப்பில் தம்பி வேம்பு இருப்பான். டப்பாவை மூன்று தடவை தட்டுவார். டொக், டொக், டொக். பிறகு குரலை நீட்டி, "பியன் லா... பியன் லா!" என்று கூப்பிடுவார். 'திரும்பி வா' என்று அர்த்தம். எங்கெங்கோ கிடக்கும் வாத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடி வரும்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கவலை, வேம்பு. அவனுக்கு மூன்றரை வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை எடுத்து வா என்று தமிழில் சொன்னாலும் எடுத்து வருவான், பர்மிய மொழியில் சொன்னாலும் எடுத்து வருவான். ஆனால் வாயை மட்டும் திறக்க மாட்டான்.

பக்கத்து வீட்டில் அகிலாண்டம் பெரியம்மா இருந்தார். அப்பாவின் அண்ணி. நல்லவர்தான். ஆனால் யார் வீட்டுக் கவலையையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்.

"ஒரு சின்ன வாய்க்குள்ள ரெண்டு பாஷையப் போட்டு அடைச்சா என்ன ஆகும்?" என்று ஒருநாள் அவர் அப்பாவைக் கேட்டார். "எது மொதல்ல வெளிய வர்றதுன்னு ரெண்டும் வாசல்லயே இடிச்சுக்கிட்டு நிக்கும். அதான் புள்ள பேச மாட்டேங்குறான். தமிழ மட்டும் பேசுங்க, தன்னால சரியாயிடும்."

அப்பாவுக்கு அது மனதில் தைத்துவிட்டது. வேறொரு பயமும் அவருக்கு இருந்தது. குடியிருக்கும் மனையை ஏழைகளுக்கே சொந்தமாக்கி அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. இவர்களுடைய குடிசை பண்ணைக்காரர் நிலத்தில் இருந்தது. "பஞ்சநதம் குடும்பமா? அதுங்க பர்மாக்காரங்க. இந்த ஊரா?" என்று பண்ணை ஏஜெண்டு அமிர்தலிங்கம் டீக்கடையில் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெண் ஆற்றையே ஒரு பானைக்குள் ஒளித்து வைத்துவிட்ட கதை. அம்மா கதை சொல்லும்போது பாதியில் நிறுத்துவார். கேட்பவர் "ப்யீடோ?" என்று கேட்டால்தான் மேலே சொல்வார். 'அப்புறம்?' என்று அர்த்தம். யாரும் கேட்காவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும்.

"ராஜா பானை மேல் கையை வைத்தார்," என்று சொல்லி நிறுத்தினார் அம்மா.

மலர்கொடி வாயைத் திறப்பதற்குள் அப்பா உள்ளே வந்தார்.

"மியா, இனிமே இந்த வீட்டுல தமிழ் மட்டுந்தான். மலரு, நீயுந்தான். எனக்கு வாக்குக் குடு."

அம்மா வேம்புவைப் பார்த்தார். "வேம்பு பேசுவான்ல? அப்ப சரிங்க," என்றார்.

மலர்கொடியும் வாக்குக் கொடுத்தாள். ராஜா பானை மேல் கையை வைத்தபடியே நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது.

அம்மா தமிழைக் கற்றுக்கொண்டது சந்தையிலும் வயலிலும். அங்கே யார் கொஞ்சப் போகிறார்கள்? அதனால் அம்மாவின் தமிழில் இருந்தது கொஞ்சம்தான். "சாப்புடு." "குளி." "பள்ளிக்கூடம் போ." "விழாத." காலையிலிருந்து ராத்திரி வரை இவ்வளவுதான். முன்பெல்லாம் தலை பின்னும்போது பர்மாவில் தன் ஊரிலுள்ள பெரிய ஆற்றைப் பற்றிச் சொல்வார், தான் சின்ன வயதில் படகைக் கவிழ்த்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். இப்போது, "திரும்பு. ஆச்சு. போ."

"கதையத் தமிழ்லயே சொல்லும்மா," என்று மலர்கொடி கேட்டுப் பார்த்தாள்.

"ஒரு பொண்ணு," என்றார் அம்மா. "ஆறு. பானை." யோசித்தார். "ராஜா வந்தாச்சு." பிறகு தலையை ஆட்டி, "இது கதை இல்ல மலரு," என்று எழுந்து போய்விட்டார்.

மலர்கொடிக்கு அழுகை வந்தது. அம்மா வீட்டிலேயே இருக்கும்போது அம்மாவைத் தேடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாத்துகள் பாடு இன்னும் மோசம். வேம்பு காதில் விழக் கூடாது என்று அம்மா அவற்றையும் தமிழில் கூப்பிட்டார். வயலில் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசிப் பழகிய தமிழ் அல்லவா?

"வாத்து, வாங்க! வீட்டுக்கு வாங்க!"

வாத்துகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நத்தை தேடிக்கொண்டிருந்தன. தினமும் மலர்கொடியும் அப்பாவும் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடி ஓடி அவற்றை ஓட்டி வந்தார்கள்.

"கத்துக்கும், கத்துக்கும்," என்று அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

மலர்கொடி இன்னொன்றையும் கவனித்தாள். சாயங்காலம் ஆனதும் வேம்பு தவிட்டு டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய் நின்றான். அம்மாவின் வாயையே பார்த்தான். "வாத்து, வாங்க" என்று அம்மா கூப்பிட்டதும் அவன் முகம் சுருங்கியது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். பன்னிரண்டு நாள் இப்படியே நடந்தது.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் மழை. வாத்துகள் கையில் அகப்படவே இல்லை. இருட்டிவிட்டதால் அப்பா, "எங்க போயிடும்? காலையில பாத்துக்கலாம்," என்று திரும்பி வந்துவிட்டார்.

காலையில் பெரியம்மா ஓடி வந்தார். "பஞ்சநதம்! ஒங்க வாத்தெல்லாம் பண்ணை நாத்தங்கால்ல எறங்கிடுச்சுப்பா!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டு ஊர் ஆட்கள் யாரும் பண்ணை வேலைக்குப் போகவில்லை. அப்பாவும்தான் போகவில்லை. ஏஜெண்டு வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வந்து, முந்தின நாள்தான் நாற்றங்காலில் முளைகட்டிய விதையைத் தெளித்திருந்தார். ஊருக்கும் பண்ணைக்கும் நடுவே ஒரு தீக்குச்சி கிழித்தால் போதும் என்ற நிலைமை.

எல்லோரும் ஓடினார்கள். நாற்றங்காலின் ஒரு மூலையில் பதினொரு வாத்துகளும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. வரப்பில் ஏஜெண்டு குடையோடு குதித்துக்கொண்டிருந்தார். எதிர் வரப்பில் ஊர் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

"ஏண்டா பஞ்சநதம்! வேலைக்கு வர மாட்டீங்க, வாத்த மட்டும் அனுப்புவீங்களா?" என்று ஏஜெண்டு கத்தினார். "எல்லாம் திட்டம் போட்டுப் பண்ற வேலை! போலீசுல எழுதிக் குடுக்கறேன். மனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்கேருந்து வந்தீங்களோ அங்கேயே போங்க!"

"ஐயா, வேணும்னு விடலீங்க," என்று அப்பா கும்பிட்டபடி சேற்றில் கால் வைக்கப் போனார்.

"எறங்காத! மிதிச்சா மிச்ச விதையும் சேத்துல பொதைஞ்சு போயிடும்!"

அதுவும் உண்மைதான். துரத்தவும் முடியாது. கல்லெறிந்தால் வாத்துகள் நாற்றங்கால் முழுக்க ஓடும். அவை தாமாக வெளியே வர வேண்டும்.

"வாத்து, வாங்க," என்று அம்மா மெல்லக் கூப்பிட்டார். எதிர் வரப்பில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஏஜெண்டைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தின் நடுவே, அதுவும் 'பர்மாக்காரங்க' என்று சொன்ன ஏஜெண்டு முன்னால், எப்படிப் பர்மிய மொழியில் கூப்பிடச் சொல்வது? அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"விதை பாவம்," என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

மலர்கொடிக்கு அந்த இரண்டு வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறாளே! அப்போதுதான் வேம்புவைப் பார்த்தாள். அவன் தவிட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தமிழ் மட்டும்தான் பேச வேண்டும் என்றுதானே அப்பா சொன்னார்? டப்பாவுக்கு ஏது மொழி?

அவள் டப்பாவை வாங்கிக்கொண்டு வேம்புவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா தட்டுகிற மாதிரியே தட்டினாள்.

டொக், டொக், டொக்.

பதினொரு தலைகளும் நிமிர்ந்தன. ஆனால் நகரவில்லை. அடுத்தது என்ன என்று காத்திருந்தன. வேம்புவும் காத்திருந்தான், அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மலர்கொடி டப்பாவை வேம்புவின் கையில் கொடுத்தாள். "நீ தட்டுடா," என்றாள்.

டொக். டொக். டொக்.

வாத்துகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வேம்புவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாளாக யாரும் சொல்லாமல் விட்டதை அவனே சொன்னான்.

"பியன் லா!"

பிறகு வயிற்றை எக்கி, முகம் சிவக்க, "பியன் லா... பியன் லா!" என்று அம்மாவைப் போலவே நீட்டிக் கூப்பிட்டான்.

அம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். சிரித்தார், அழுதார், அவன் காதில் என்னென்னவோ பர்மிய மொழியில் சொன்னார். பிறகு எழுந்து நின்று கணீரென்று கூப்பிட்டார். "பியன் லா... பியன் லா!"

வாத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடி வந்து, ஏஜெண்டின் கால்களுக்கு நடுவே புகுந்து, வரப்பேறி அம்மாவைச் சுற்றிக்கொண்டன. ஏஜெண்டு குடையை ஊன்றி எப்படியோ விழாமல் தப்பித்தார்.

"என்னடா மந்திரம் இது?" என்றார் அவர்.

அப்பா நிமிர்ந்தார். "மந்திரம் இல்லீங்க. என் சம்சாரத்தோட பாஷை. என் புள்ளைங்களோட பாஷையும்."

"வேணும்னு விட்டிருந்தா நாங்க ஏங்க கூப்புடப் போறோம்?" என்று மலர்கொடி கேட்டாள்.

எதிர் வரப்பில் நின்றவர்கள் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

"கெட்டுப்போன மூலைக்கு எங்க வீட்டு விதைய முளைகட்டிக் குடுத்துடறேங்க," என்றார் அப்பா. "ஆனா தெளிக்க மட்டும் வர மாட்டேன். வேலை நிறுத்தம்."

ஏஜெண்டு முணுமுணுத்துக்கொண்டே போனார். போலீசுக்கு மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பெரியம்மா, "பேசினானே, அது தமிழ் இல்லையேப்பா," என்று இழுத்தார்.

"பேசினான்ல அண்ணி," என்றார் அப்பா. வேம்பு அவர் தோளில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் பெரியம்மா மலர்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த 'பியன் லா'வ எனக்கும் ஒருதரம் சொல்லிக்குடு. எங்க வீட்டுக் கோழி ஒண்ணும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"ஒங்க கோழிக்குத் தமிழ்தான் தெரியும் பெரியம்மா," என்றாள் மலர்கொடி.

விளக்கேற்றுவதற்கு முன்னால் அம்மா மலர்கொடிக்குத் தலை பின்ன உட்கார்ந்தார். வேம்பு மடியில் ஏறிக்கொண்டான். அம்மா தயக்கமாக, தன் மொழியில், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ராஜா பானை மேல் கையை வைத்தார். உள்ளே ஆறு சலசலக்கும் சத்தம் கேட்டது. ராஜா மெதுவாக மூடியைத் திறந்தார்.

அம்மா நிறுத்தினார்.

மலர்கொடி கேட்பதற்காக மூச்சை இழுத்தாள். அதற்குள் வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கப்பலை விட்டு இறங்கிய எட்டு வருஷத்தில் அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசாத குரல்.

"ப்யீடோ?" என்று கேட்டார் அப்பா.