வட்டு சுழலும் சத்தம்

மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தொடவே இல்லை. நப்பின்னையின் காதருகே யார் உட்காருவது என்பதில்தான் அவர்களுக்குள் போட்டி.

காலம் அப்படி மாறிவிட்டது. எல்லோர் காதுக்குப் பின்னாலும் ஈரடுக்கு நினைவகம். அடிக்கடி நினைப்பதெல்லாம் தானாகவே முன்னடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது சின்னது, கேட்ட மாத்திரத்தில் பதில் தரும். மற்றதெல்லாம் பின்னே உள்ள பெரிய வட்டில். அங்கிருந்து எடுக்க வேண்டுமென்றால் வட்டு 'கிர்ர்' என்று சுழல வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் அது கேட்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பாடச் சொல்வதில்லை. பழைய காதலன் பெயரைக் கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். வட்டு சுழன்றால் அவனை மறந்துவிட்டாள், சம்மதம். சுழலாவிட்டால் இன்னும் அவன் நினைப்புதான், நடையைக் கட்ட வேண்டியதுதான்.

நப்பின்னைக்குத் தரகர் காட்டிய படத்திலேயே மாப்பிள்ளை சேந்தனைப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் கைநழுவிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் உதறல். அதனால் அன்றிலிருந்து தினமும் பல் துலக்கும்போதே, 'இன்றைக்குக் கதிரவனை நினைக்கக் கூடாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அட மக்குப் பெண்ணே, அதுவும் நினைப்புத்தானே.

"முன்னாடி யாரையாவது விரும்பினியாம்மா?" என்று கேட்டாள் சேந்தனின் அம்மா.

"கதிரவன்." வாய் முந்திக்கொண்டது. வட்டு அசையவே இல்லை.

கிளம்புவதற்காக அம்மா எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"உக்காரும்மா," என்றான் சேந்தன். "என்னைக் கேட்டாலும் ரேவதின்னு டக்குனு வந்துடும். தினம் சாப்பாடு போடும்போதெல்லாம் 'ரேவதியை மறந்துட்டியாடா'ன்னு நீதானே கேக்குற."

சேந்தனின் அப்பா சிரிப்பை மறைக்கக் காப்பி டம்ளரைத் தூக்கிக்கொண்டார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடுவாளா?

"சரிடா, இந்தப் பொண்ணு பேரு என்ன? சொல்லு பார்ப்போம்."

சேந்தன் திருதிருவென்று விழித்தான். கிர்ர்ர். கூடம் முழுக்கக் கேட்டது. "நப்... நப்பின்னை."

"போச்சு, கேட்டுச்சாடி?" என்று நப்பின்னையின் அத்தை அவள் பக்கம் குனிந்து முணுமுணுத்தாள்.

"கேட்டுச்சு அத்தை." நப்பின்னைக்கு மனசு நிறைந்துவிட்டது. "கதிரவன் கூப்பிடாமலே வந்து நிக்கிறான். இவரு என்னைத் தேடி எடுக்குறாரு. இவரையே முடிச்சிடுங்க."