தொடாதீங்க

“தொடாதீங்க!”

கத்திக்கொண்டே ஓடி வந்தாள் அபிநயா. பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமத்தின் களிமண் மேட்டில், அவளுடைய ஆறு சக்கர ரோபோவைப் பள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்கள்... மழைக்கு இருட்டிய வானம் மாதிரி.

“மாட்டிக்கிச்சேன்னு தூக்கினேங்க.” பக்கத்து மக்காச்சோளக் கொல்லைக்காரன் மணிவேல்.

“இது நிலாவுக்குப் போகப் பழகுதுங்க. அங்க மாட்டினா நீங்க வந்து தூக்குவீங்களா?”

“பஸ் விட்டா வரேங்க.”

சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டாள் அரியலூர்க்காரி அபிநயா.

அடிபட்டு அடிபட்டுத் தன்னையே திருத்திக்கொள்ளும் மூளையை அந்த வண்டிக்கு எழுதியவள் அவள்தான். அது என்னவோ, எந்தத் திசையில் அனுப்பினாலும் தினமும் சோளக் கொல்லை ஓரப் பள்ளத்தில்தான் போய் விழுந்தது. “கை தானா போயிடுதுங்க” என்று அவனும் தூக்கிவிட்டான். பிறகு பேச்சு... தூறல்... ஒரே தார்ப்பாய்க்குள் இரண்டு பேரும் ஒரு ரோபோவும்.

நிலாவுக்கு அனுப்பலாமா என்று அதிகாரிகள் பார்க்கும் சோதனைக்கு முந்தின நாள்தான் காரணம் பிடிபட்டது. மாட்டினால் இங்கே ஒருத்தர் வந்து தூக்குவார். அதுதான் சுலபம் என்று வண்டி தானாகவே கற்றுக்கொண்டிருந்தது!

“எல்லாம் உங்களாலதான்! நாளைக்கு இது தேறலைன்னா என் உழைப்பே வீண். இனிமே கிட்டயே வராதீங்க!”

அவன் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிக் கொல்லைப் பக்கம் போனான். சொன்ன வாயை அவளே வைதுகொண்டாள்.

மறுநாள் அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி நேராக அதே பள்ளத்தில் இறங்கி நின்றது. காத்திருந்தது... மழை வலுத்தது. மேட்டின்மேல் மணிவேல் நனைந்தபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ‘வாங்களேன்...’ என்று அவள் மனம் கெஞ்சியது. அவன் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு சக்கரம் பின்னால் சுழன்றது. இன்னொன்று மண்ணைப் பறித்தது. நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, வண்டி தானே ஏறி வந்துவிட்டது!

கைதட்டலை விட்டுவிட்டு மேடேறினாள் அபிநயா.

“ஏன் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க?”

“அவுத்து வுட்டா கை தானா தூக்கப் போயிடுமுங்க.”

அவளுக்குக் கண் நிறைந்தது.

“நீங்க இல்லாமலே போக அது கத்துக்கிடுச்சு... எனக்குத்தான் தெரியலைங்க.”

மணிவேல் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, ஒன்றை நீட்டினான்.

“வழுக்குதுங்க... தொடலாமா?”

அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.